உஷ் சாரும் சில்வண்டும்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, படுக்கை விரிப்புகளை மடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடி. கொடியிலிருந்து எடுத்த வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகள் அவர் கையில், இரண்டு என் கையில். உதறினோம். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இரு. இன்னொரு தடவை உதறு."

உதறினேன்.

"துணி இவ்வளவு பேசுமா?"

காதுக்கருவி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. புது வீட்டுக்குக் குடிவந்தவர் அலமாரிகளைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல, சத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு தரையில் உரசுவது. செய்தித்தாள் புரள்வது. அம்மா வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது. இந்தக் கடைசிச் சத்தம் அம்மாவுக்குத்தான் பெரிய இழப்பு.

மடிப்பதற்காக நான் அவரை நோக்கி நடந்தேன், அவர் என்னை நோக்கி. நடுவில் வெயில் ஊறிய துணி. முனைகள் சேர்ந்தபோது சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை ஸ்கூலுக்குப் போறேன்மா. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடணும். இதை விட்டா அவ பெரிய ஸ்கூலுக்குப் போயிடுவா."

"என்ன சொல்லப்போறீங்க?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நீ முனையை ஒழுங்காப் பிடி."

திங்கட்கிழமை பிற்பகல், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். இதயம் என்றார் மருத்துவர். கருவி காதிலேயே இருந்தது.

அப்பா மூன்றாம் வகுப்பு ஆசிரியர். வேலைக்குச் சேர்ந்த பள்ளியிலேயே ஓய்வும் பெற்றார். தரைத்தளத்தில் கடைசி அறை. ஜன்னலுக்கு வெளியே ஆள் உயர வேலிச்செடி, அதன் அடியில் எப்போதும் ஈரம் காயாத ஒரு பட்டை நிழல், அதைத் தாண்டினால் சாலை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'உஷ் சார்'. அவர் ஒருநாளும் 'உஷ்' என்று சொன்னதில்லை. அவர் வருவதைப் பார்த்ததும் பிள்ளைகள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பழியை மட்டும் அவர் சுமந்தார்.

சுற்றுச்சூழல் பாடம் அவருக்கு ஒதுக்கப்பட்டது தற்செயலாகத்தான். வேறு யாரும் கேட்காததால் வந்தது. புத்தகத்தில் முதல் பாடமே 'நம்மைச் சுற்றி வாழும் உயிர்கள்'. கேள்வி கேட்டிருக்கிறார். சிங்கம் என்றான் ஒருவன். டால்பின். பனிக்கரடி.

"பனிக்கரடியை எங்கே பார்த்தே?"

"டிவியில சார்."

"சரி, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கு?"

பிள்ளைகள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். "ஒண்ணும் இல்ல சார். செடிதான் இருக்கு."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாப்பாட்டுக்கு நடுவில் சிரிப்பு நின்றுபோனது. "ஒண்ணும் இல்ல, செடிதான் இருக்கு" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

'மரம் வளர்ப்போம்' என்று பிள்ளைகளை வரிவரியாக எழுதவைப்பதை அதோடு விட்டுவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் சொக்கி விழும் நேரம்; மற்ற ஆசிரியர்கள் தள்ளிவிடப் பார்க்கும் நேரம். மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும், கண்களை மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பாடம். தூங்கினாலும் எழுப்பமாட்டார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சத்தம். ஆண்டு முழுவதும் அது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. ஒருத்திக்கு அணில், ஒருவனுக்குக் காகம், ஒருவனுக்கு வேலிச்செடியில் காற்று. தன் சத்தம் வந்தால் கண்ணைத் திறக்காமல் கையைத் தூக்க வேண்டும். அப்பா மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். தவறாகத் தூக்கிய கை என்றால் அந்த மேசையில் விரல் முட்டியால் மெதுவாக ஒரு தட்டு. கை இறங்கிவிடும். திட்டு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆண்டு முடிவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறைக்கு வருவார்கள். பெரியவர்கள் தங்கள் சத்தத்தைச் சின்னவர்களின் காதில் ரகசியமாகச் செய்துகாட்டி ஒப்படைப்பார்கள். காகம் கைமாறும்போது மட்டும் ரகசியம் நிற்காது.

நானும் அந்த வகுப்பில் படித்தவள்தான். பள்ளியில் 'சார்' என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டிலும் "சார், அம்மா கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிடுவேன். "சார் வரமாட்டாராம்னு சொல்லு" என்பார்.

எனக்குக் கிடைத்தது சரக்கு ரயில். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் மட்டும் வரும். மேசை மரம் கன்னத்தில் குளிரும். மூடிய இமைக்குள் வெயில் பச்சையாகவும் பிறகு சிவப்பாகவும் மாறும். மின்விசிறி சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் தூரத்துக்குக் கொண்டுபோகும். பக்கத்துப் பெண்ணின் மூச்சு, யாரோ குடம் வைக்கும் ஓசை, பெயர் தெரியாத ஒரு பறவை, எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வரும். அதற்கும் அப்பால், இருக்கிறதா இல்லையா என்ற எல்லையில், ஒரு உருளல். வந்தது ரயிலா, ரயில் வேண்டும் என்ற என் ஆசையா என்று எனக்குத் தெரியாது. கை தானாக மேலே போகும். காத்திருப்பேன். மேசையில் தட்டல் விழாவிட்டால் ரயில் உண்மை.

இருப்பதற்கும் இல்லாததற்கும் எங்களுக்கு அவர்தான் சாட்சி.

சில சத்தங்கள் ஒழிய வேண்டியவை என்பதும் அந்த வகுப்பில் தெரிந்தது. ஒருமுறை, ஒழுகும் குழாய் ஒரு சிறுமிக்குப் போனது. அவள் தலைமையாசிரியையின் அறைக்கு நடையாய் நடந்து, பிளம்பரை வரவழைத்து, குழாயை மாற்றவைத்தாள். மறுநாள் மதியம் விசும்பல் கேட்டது.

"என்னம்மா?"

"என் சத்தம் செத்துப்போச்சு சார்."

"நீதானே நிறுத்துனே?"

"அதுதான் சார் அழுகையா வருது."

இது சந்தோஷமா துக்கமா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அப்பா தீர்ப்புச் சொல்லவில்லை. வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டார். பல பெற்றோர் மறுநாள் வந்து, இதற்கு விடை என்ன என்று கேட்டார்களாம்.

இனி அந்தப் பெண்.

அப்பா ஓய்வு பெற்ற ஆண்டில் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். வேலிச்செடியின் அடியில், ஈர நிழலில், பகலிலும் கத்தும் சில்வண்டு அவள் பங்குக்கு வந்தது. யாரும் கண்ணால் பார்த்திராத பூச்சி. கிட்டே போனால் வாயை மூடிக்கொள்ளும். அது இருக்கிறது என்பதற்குச் சத்தம் மட்டுமே அத்தாட்சி. வகுப்பில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் பூச்சி என்பதால் அவளுக்கு ஓய்வே இருக்காது என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே அப்பா கவனித்தார்: சில்வண்டு இல்லை. அந்தப் பெண் தினமும் கையைத் தூக்குகிறாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நின்று கேட்டார், ஜன்னலருகே போய்க் கேட்டார். மேசையில் தட்டினார். கை இறங்கியது. மறுநாளும் தூக்கினாள். மறுநாளும் தட்டினார்.

தோட்டக்காரர் வேலியோரம் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தது அப்பாவுக்குக் காரணம் காட்டப் போதுமானதாக இருந்தது.

"நீ அடிச்ச மருந்துல வண்டெல்லாம் போச்சுய்யா!"

"சார், நான் அடிச்சது களைக்கு. வண்டுக்கு நான் என்ன பண்ணேன்?"

"வண்டுக்கு அது தெரியுமா?"

வாக்குவாதம் தலைமையாசிரியை வரை போனது. மருந்தடிக்கும் கருவி பூட்டப்பட்டது. அன்றிலிருந்து தோட்டக்காரர் குனிந்து கையால் களை பிடுங்கினார். அப்பாவைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகுப்பில் அப்பா மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கடுமை வராது. "நமக்குப் பிடிச்சது போயிட்டா, கொஞ்ச நாளைக்கு அது இருக்கற மாதிரியே கேட்கும். அது தப்பில்ல. ஆனா போனதைப் போனதுன்னு தெரிஞ்சுக்கணும்." பின்வரிசையிலிருந்து யாரோ, "எனக்கும் கேக்குது சார்" என்று எழுந்திருக்கிறார்கள். "தோழிக்காகச் சொல்லக் கூடாது, உட்காரு" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் எழவில்லை. அந்தப் பெண்ணும் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு வேறு சத்தம் கொடுத்தார்: பள்ளி மணி. யாருக்கும் சந்தேகம் வராத சத்தம். ஆண்டு முடிவில் அவள் மணியை ஒப்படைத்தாள். சில்வண்டை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

அப்பா அதற்காக வருந்தினார். ஓய்வு பெற்ற பிறகும், "நான் இருந்தப்பவே ஒண்ணு போயிடுச்சு" என்பார்.

அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில்தான் நான் மாற்றலாகி வீட்டுக்கே வந்தேன். வீட்டுக்குப் புதிதாக ஒரு துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். வேலை முடிந்ததும் அது விட்டுவிட்டுக் கீச்சிடும். கதவைத் திறக்கும்வரை விடாது. அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மெஷின் கூப்பிடுது."

"இதுவா? இது ரொம்ப மரியாதையான மெஷின்மா. வாயே திறக்காது."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் கூப்பிட்டாலும் அப்படித்தான். இத்தனை வருஷமா நானும் மரியாதையாத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. கைபேசியில் ஒலிகளைத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததாக வரிசையாக வைத்துக் காட்டினேன். தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தத்தை அளப்பது என் வேலை; அங்கே செய்வதுதான். தாழ்ந்தவை எல்லாம் கேட்டன. ஒரு இடத்தில், "முடிஞ்சுதா?" என்றார். முடியவில்லை. என் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

காது மருத்துவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு பாதிவரை நேராகப் போய், பிறகு மலைச்சரிவுபோல இறங்கியது. "பேச்சு ஓரளவு கேட்கும். அதனாலதான் இவ்வளவு நாள் தெரியல. மெல்லிசா, கீச்சுன்னு வர்ற சத்தம்தான் முதல்ல போகும்" என்றார். ரொம்ப வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னார். அப்பா அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசித்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கருவி வந்த அன்று மாலை, இருவரும் நடந்தே திரும்பினோம். பள்ளி வேலியை ஒட்டித்தான் வழி. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வேலிச்செடி முழுவதும் ஒரே சீராக, மணலைச் சலிப்பதுபோல, கத்திக்கொண்டிருந்தது. அப்பா நின்றார். கருவியைக் கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றினார், மாட்டினார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உறக்கத்தில் தன் பெயரை யாரோ கூப்பிடக் கேட்டவரின் முகம்.

"இது எப்போ திரும்பி வந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுப்பா."

தெரிந்தவர் உள்ளே வாளியோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாத தோட்டக்காரரை அப்பா வேலி வழியாகக் கூப்பிட்டார்.

"ஏய்யா, இந்த வண்டு எப்போலேர்ந்து கத்துது?"

தோட்டக்காரர் அவரையும் காதில் இருந்ததையும் பார்த்தார். "எப்போ நிறுத்துச்சு சார்? நான் மருந்து அடிச்சப்பவும் கத்துச்சு. நீங்க என்னைத் திட்டுனப்பவும் கத்திக்கிட்டுதான் இருந்துச்சு."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? மருந்து நின்னதும் நாலு மடங்கா பெருகிடுச்சு. என் முதுகுதான் போச்சு."

அப்பா தலை குனிந்து கைகூப்பினார். தோட்டக்காரர் பதறிப்போய், "அய்யோ, விடுங்க சார். முதுகுக்கு ஒரு தைலம் வாங்கிக் கொடுங்க, கணக்கு தீர்ந்துச்சு" என்றார். மறுநாளே வாங்கிக் கொடுத்தார். பெரிய புட்டி.

அதைக் கொடுக்கப் போனபோது பள்ளி விடும் நேரம். பிள்ளைகள் வேனுக்காக வேலியோரம் வரிசையில் நின்றிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரிசையில் அந்தப் பெண். வளர்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"நல்லா இருக்கேன்மா." வேலியைக் காட்டிக் கேட்டிருக்கிறார்: "சில்வண்டு கேக்குதா?"

அவள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். எந்த விடை சரி என்று அங்கே தேடினாள். வண்டு அவள் முழங்கைக்கு அருகிலேயே கத்திக்கொண்டிருந்தது.

"இல்ல சார்" என்றாள்.

வேன் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது அப்பாவின் கை கருவியை உருட்டிக்கொண்டே இருந்தது. "பொய் சொல்லலைம்மா அவ. அவளுக்கு உண்மையிலேயே தெரியல. கேக்கறது கேக்கறதுதானான்னு என் முகத்தைப் பார்க்கறா. செடியைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கத்தானே நான் போனேன்?"

"போய் மன்னிப்புக் கேட்டுடுங்கப்பா. சின்னப் பொண்ணு, சந்தோஷப்படுவா."

"என் மன்னிப்பை வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? அவ காது அவளுக்குத் திரும்பிக் கிடைக்கணும்."

தலைமையாசிரியைக்கு நான்தான் தொலைபேசியில் பேசினேன். தேர்வுகள் முடிந்து, ஆண்டின் கடைசி வாரத்துக்கு முந்தைய செவ்வாய் என்று நேரம் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய அறையில், ஐந்தாம் வகுப்பு முழுவதும். வகுப்புக்கு முன்னால் நடந்த தவறு, வகுப்புக்கு முன்னால்தான் சரியாக வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார்.

என்ன சொல்வது என்பதுதான் அவருக்கு முடிவாகவில்லை. வீடு முழுக்க வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே அலைந்தார். 'நான் தப்பாச் சொல்லிட்டேன்' வேண்டாம். அது தன்னைப் பற்றிய வாக்கியம். 'நீ சொன்னதுதான் சரி' வேண்டாம். அதிலும் சரி தப்பைச் சொல்பவன் நானாகத்தானே இருக்கிறேன் என்றார். நாளைக்கு இன்னொருவர் தப்பு என்றால் மறுபடி கையை இறக்கிவிடுவாளே?

அம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் கத்துறதுக்கு இவ்வளவு யோசிச்சதுண்டா இந்த மனுஷன்? வண்டு கொடுத்து வச்சது."

"நீ கத்துறதுதான் இப்போ நல்லாக் கேக்குதே" என்றார் அப்பா.

"அதுதான் பயமா இருக்கு."

திங்கட்கிழமை சாப்பிட்டு முடித்து, செவ்வாய்க்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு, அதே யோசனையோடு நாற்காலியில் சாய்ந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்ததாக அம்மா சொல்கிறாள். வாக்கியம் கிடைத்ததா என்று தெரியாது.

வியாழக்கிழமை தலைமையாசிரியை துக்கம் விசாரிக்க வந்தார். கிளம்பும்போது, "அந்தப் பொண்ணுகிட்ட நான் வேணும்னா சொல்லிடட்டுமாம்மா? சாருக்குக் காது கேக்காம இருந்துச்சுன்னு?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படிச் சொன்னால் அவள் அவருக்காக வருத்தப்படுவாள். காது அவளுக்குத் திரும்பாது. அப்பாவுக்குக் கொடுத்த நேரத்தையே அடுத்த செவ்வாய்க்கு எனக்குக் கொடுக்கும்படி கேட்டேன். கொடுத்தார். அந்த வாரத்தோடு பள்ளி முடிகிறது.

எனக்குப் பிள்ளைகளிடம் பேசிப் பழக்கமில்லை. வேலையில் சத்தம் அளக்கும் என் கருவியைக் கொண்டுபோய், திரையில் முள் ஏறுவதைக் காட்டலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அப்பா முகம் போய் முள் வந்து உட்காரும், அவ்வளவுதான் என்று தோன்றியது. கருவியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது இவ்வளவே: மேசையில் தலையைச் சாய்க்கச் சொல்ல வேண்டும். கண்களை மூடச் சொல்ல வேண்டும். நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். யாரும் நடுவில் நடக்கக் கூடாது. அவள் கையைத் தூக்குவாளா, தூக்கினால் எவ்வளவு நேரம் வைத்திருப்பாள் என்பதை யாரும் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று அப்பாவைப்போல நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.